ப்ளூமிங்டன் மலைகளில் சக்கர வீடுகள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸிலிருந்து தெற்கே காரில் கிளம்பினால், முதல் அரை மணி நேரம் கண்ணுக்கெட்டிய வரை தட்டை நிலம்தான். சோளம், சோயா, மறுபடியும் சோளம். மார்ட்டின்ஸ்வில் ஊரை நெருங்கும்போது சாலை ஏறி இறங்கத் தொடங்குகிறது. வயல்கள் விலகி, இரு பக்கமும் மரங்கள் நெருங்கி வருகின்றன. வடக்கு இண்டியானாவை இழைத்துச் சமமாக்கிய பனியூழிக் காலத்துப் பனித்தகடுகள் இந்தக் குன்றுகளில் பெரும்பாலானவற்றை எட்டவில்லை. அதனால் மாநிலத்தின் தென்பகுதி மட்டும் மேடும் பள்ளமுமாக, ஓடைகள் அறுத்த பள்ளத்தாக்குகளோடு தப்பித்து நிற்கிறது. அந்தக் குன்றுகளின் நடுவே, தலைநகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது ப்ளூமிங்டன்.

மக்கள்தொகை 80,000-ஐ ஒட்டிய ஊர். 1820-இல் தொடங்கப்பட்ட இண்டியானா பல்கலைக்கழகத்தில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். பல்கலைக்கழகக் கட்டடங்கள் அந்த மண்ணிலேயே வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முகப்புக் கல் போனதும் இந்த வட்டாரத்திலிருந்துதான். சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்ற ஏ.கே. ராமானுஜன் 1963-இல் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றது இங்கேதான் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. இன்றும் தமிழ்ப் பிள்ளைகள் இங்கே படிக்க வருகிறார்கள். மே மாதப் பட்டமளிப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெற்றோர் வந்து இறங்குகிறார்கள். அந்த வாரத்தில் ஹோட்டல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி நடக்கும் வார இறுதிகளிலும் இதே கதைதான். இப்படிப்பட்ட நாட்களில் அமெரிக்கர்கள் பலர் வீட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளமும் நட்சத்திரங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவில் அது சாமானியர்களின் வாகனம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், லாரி ஓட்டுநர், கைக்குழந்தையோடு இளம் தம்பதி என்று எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ரிக்ரியேஷனல் வெஹிக்கிள் என்பதை ஆர்.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பஸ் அளவுக்கு நீண்ட மோட்டார் ஹோம் உண்டு. பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் உண்டு. மடித்து வைத்துக்கொண்டு போய், நிறுத்திய இடத்தில் விரிக்கும் சின்னக் கூடாரவண்டியும் உண்டு. சொந்தமாக இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். பெரும்பாலானவற்றை ஓட்டச் சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். இன்னொரு செய்தி: அமெரிக்காவில் தயாராகும் ஆர்.வி.களில் 80 சதவீதத்துக்கும் மேல் இதே இண்டியானா மாநிலத்தில்தான் உருவாகின்றன. வடக்கே எல்கார்ட் என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் உலகின் ஆர்.வி. தலைநகரம் என்றே அழைக்கிறார்கள்.

ப்ளூமிங்டனைச் சுற்றி அந்த வண்டிகளை நிறுத்த இடத்துக்குக் குறைவில்லை. கிழக்கே அரை மணி நேர ஓட்டத்தில் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்கா. ஏறத்தாழ 15,800 ஏக்கர், மாநிலத்திலேயே பெரியது. தெற்கே மன்றோ ஏரிக்கரையில் பேன்டவுன், ஹார்டின் ரிட்ஜ் என்று இரண்டு பெரிய முகாம்கள். வடமேற்கே ஸ்பென்சர் ஊருக்கு அருகில், இண்டியானாவின் முதல் மாநிலப் பூங்காவான மக்கார்மிக்ஸ் க்ரீக். இவை எதுவும் தனியார் விடுதிகள் அல்ல. ஹார்டின் ரிட்ஜ் கூட்டாட்சி அரசின் வனத்துறையுடையது, மற்ற மூன்றையும் மாநில அரசு நடத்துகிறது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். நல்ல காட்சியுள்ள மலைமுகடும் ஏரிக்கரையும் பணக்காரர்களின் வேலிக்குள் போய்விடவில்லை.

அது தானாக நடந்ததல்ல. அக்டோபரில் ஓக்கும் மேப்பிளும் ஹிக்கரியும் சிவப்பும் செம்பொன்னுமாக எரியும் இந்தக் குன்றுகளைப் பார்க்கிறவர், ஆதிகாலத்துக் காடு என்றே நினைப்பார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வந்திருந்தால் பல குன்றுகள் மொட்டையாக நின்றிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மரங்களை வெட்டி விற்றார்கள். வெட்டிய சரிவுகளில் சோளம் விதைத்தார்கள், ஆடுமாடு மேய்த்தார்கள். சரிவில் மண் எத்தனை காலம் நிற்கும்? மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போனது. வெள்ளாமை விழுந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது விவசாயிகள் வரி கட்ட முடியாமல் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

யாருக்கும் வேண்டாத அந்த நிலத்தை அரசு வாங்கியது. 1935-இலிருந்து துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்ததுதான் இன்று 2,00,000 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் ஹூசியர் தேசிய வனம். வேலையில்லாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் படையினர் பிரவுன் கவுண்டிப் பூங்காவில் முகாமிட்டுச் சாலை போட்டார்கள், மண்ணரிப்பைத் தடுக்க மரம் நட்டார்கள், காட்சிக் கோபுரம் எழுப்பினார்கள். அவர்கள் கட்டிய கட்டுமானங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

அதற்கும் முன்பே இந்த மாநிலத்துக்கு ஒரு தொலைநோக்காளர் கிடைத்திருந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ரிச்சர்ட் லீபர். இண்டியானா மாநிலமாகி நூறாண்டு நிறைந்த 1916-இல், கொண்டாட்டத்தின் நினைவாகப் பூங்காக்களை உருவாக்க வேண்டும் என்று வாதாடி முதல் இரண்டைத் திறக்க வைத்தவர். உள்ளே வருகிறவர்கள் சிறு கட்டணம் தர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆட்சியாளர்களின் கருணையை மட்டும் நம்பியிருக்கும் பூங்கா நலிந்துவிடும் என்று அவர் கருதினார். இலவசமே நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு இது நெருடலாம். ஆனால் 1929-இல் திறந்த பிரவுன் கவுண்டிப் பூங்கா இன்றும் நன்றாக நிற்பதைப் பார்க்கும்போது, அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

காட்டோடு விலங்குகளும் திரும்பின. வேட்டையால் மாநிலத்திலிருந்தே அழிந்துபோன வெள்ளைவால் மானை 1934-இல் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டை தடைசெய்யப்பட்ட பூங்காக்களில் அவை பெருகி, காட்டின் அடிச்செடிகளை மொட்டையடித்தன. கடைசியில் 1993-இல் பிரவுன் கவுண்டிப் பூங்காவிலேயே கட்டுப்படுத்தப்பட்ட வேட்டையை அனுமதிக்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு கிளம்பத்தான் செய்தது. காட்டுப் பூக்கள் மறுபடி தலையெடுத்ததைப் பார்த்த பிறகு அந்த முடிவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மன்றோ ஏரியில் 1985 முதல் 1989 வரை 73 வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட்டார்கள். இன்று ஏரிக்கரை முகாமில் காலை காப்பியோடு உட்கார்ந்திருப்பவருக்கு, தண்ணீரில் பாய்ந்து மீனைத் தூக்கிச் செல்லும் கழுகைப் பார்க்க வாய்ப்புண்டு.

சரி, வண்டியோடு போகிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? முதலில் வழி. பிரவுன் கவுண்டிப் பூங்காவின் வடக்கு வாசலில் 1838-இல் கட்டிய கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று நிற்கிறது. மாநிலத்திலேயே பழைய கூரைப்பாலம் அது. பார்க்க அழகு, உயரமான ஆர்.வி. அதற்குள் நுழையாது. பெரிய வண்டிகள் மேற்கு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஜி.பி.எஸ். காட்டிய பாதையை நம்பி நேரே போய்விடக் கூடாது.

அடுத்தது மின்சாரம். முகாமில் மின்வசதியுள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு மின்கம்பம் இருக்கும். 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போதே மைக்ரோவேவையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். நம் வீட்டுச் சமையல் செய்ய நினைக்கிறவர்கள் ஏசியை நிறுத்திவிட்டுக் குக்கரை வைப்பது நல்லது. அல்லது வண்டியிலுள்ள கேஸ் அடுப்பிலேயே சமைத்துவிடலாம்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் பேசத் தயங்குகிறார்கள். பேசியே ஆக வேண்டும். ஆர்.வி.யின் வயிற்றில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு. குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. இந்த முகாம்களில் பெரும்பாலான இடங்களுக்கு நேரடிச் சாக்கடை இணைப்பு கிடையாது. கிளம்பும் நாளில் கழிவகற்றும் நிலையத்துக்கு வண்டியை ஓட்டிச் சென்று, குழாயை மாட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகு மற்றதைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். ரப்பர் கையுறை அவசியம். யாரும் பார்க்கவில்லை என்று காட்டோரம் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய துரோகம். ராணுவப் பொறியாளர் படை 1960-களில் அணை கட்டி உருவாக்கிய மன்றோ ஏரி, 10,750 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் அந்த நீர்தான், ப்ளூமிங்டன் நகரத்துக்கே குடிநீர்.

காடும் ஏரியும் எல்லோருக்கும் பொது என்றால் யார் காப்பாற்றுவது? ஒவ்வொருவரும் தன் லாபத்தைப் பார்த்துப் பொதுவைச் சூறையாடிவிடுவார்கள், ஆகவே தனியார் உடைமையோ அரசின் கைத்தடியோ தவிர வேறு வழியில்லை என்றே பொருளியலில் பலர் நம்பிவந்தார்கள். அதை மறுத்துக் காட்டியவர் இதே ப்ளூமிங்டனில் வாழ்ந்து கற்பித்த எலினோர் ஆஸ்ட்ரம். மேய்ச்சல் நிலம், மீன்வளம், பாசனம், காடு என்று உலகின் பல பொதுவளங்களை ஆராய்ந்து, பயன்படுத்துகிற மக்களே விதி வகுத்து, ஒருவரையொருவர் கண்காணித்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள் என்று நிறுவினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

ஆர்.வி. முகாமில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பாதி விளங்கும். விதிகள் அரசுடையவை. ஆனால் அவற்றை நடத்துவது அக்கம்பக்கத்தார்தான். இரவில் குறித்த நேரத்துக்கு மேல் ஜெனரேட்டர் ஓடாது. அடுத்தவர் இடத்தின் குறுக்கே நடக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர் வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறினால், கேட்காமலே ஒருவர் வந்து கைகாட்டுவார். முகாம் ஹோஸ்ட் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதி. தங்கும் இடம் இலவசம், அதற்கு ஈடாக மற்றவர்களுக்கு உதவுவதும் ஒழுங்கு பார்ப்பதும் அவர்கள் வேலை. சத்தம் போடுகிறவரிடம் முதலில் அவர்கள்தான் போய் மெதுவாகச் சொல்வார்கள். ரேஞ்சர் வருவது பிறகுதான். சிறு தவறுக்குச் சிறு கண்டிப்பு, தொடர்ந்தால் பெரிது என்பதும் ஆஸ்ட்ரம் கண்டறிந்த நெறிகளில் ஒன்று.

விறகு விஷயத்தில் இந்தப் பொதுப்பொறுப்பு இன்னும் கண்டிப்பானது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று ஆஷ் மரங்களின் பட்டைக்கடியில் துளைத்து, நீரோட்டத்தை அறுத்து மரத்தைக் கொன்றுவிடுகிறது. 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2004-இல் இண்டியானாவுக்கு வந்துவிட்டது. தானாகப் பறந்து அது அதிக தூரம் போவதில்லை. அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுசேர்த்ததில் முகாமுக்கு வருகிறவர்கள் வண்டியில் ஏற்றிவந்த விறகுக்குப் பெரும் பங்குண்டு. நல்லெண்ணத்தோடு, வீட்டில் வெட்டிய மரத்தை வீணாக்காமல் கொண்டுவந்தவர்கள்தான் அவர்கள். அமெரிக்கா முழுவதும் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போயின. அதனால்தான் இண்டியானா மாநிலப் பூங்காக்களில் பட்டையோடு கூடிய சொந்த விறகுக்கு அனுமதியில்லை. சான்று முத்திரையிட்ட விறகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மன்றோ ஏரிக்கு நீர் வரும் சரிவுகளில் மரம் வெட்டவும், அடிச்செடிகளைத் திட்டமிட்டு எரிக்கவும் தேசிய வனத்துறை வகுத்த திட்டம் உள்ளூர் மக்களைக் கொதிக்க வைத்தது. ஓக் மரங்கள் தழைக்க வெளிச்சம் வேண்டும், அதற்காகவே வெட்டுகிறோம் என்பது வனத்துறையின் வாதம். அதில் அறிவியல் இல்லாமலில்லை. ஆனால் மண்ணரிப்பால் ஒருமுறை அழிந்த குன்றுகள் இவை. 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம், ஏரிக்கு நேரக்கூடிய பாதிப்பை வனத்துறை போதிய அளவு பரிசீலிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. குடிநீர் என்று வரும்போது நிதானம் காட்டுவதே சரி என்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல் கடைசியில் ரெட்பட், டாக்வுட் மரங்கள் பூக்கும். அக்டோபர் நடுவிலிருந்து இலைகள் நிறம் மாறும். கோடையில் புழுக்கம் அதிகம். உண்ணிகள் நோய் பரப்பும் என்பதால் காட்டில் நடந்துவிட்டு வந்ததும் குழந்தைகளின் தலை, காது மடிப்பு, முழங்காலின் பின்புறம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி கொடியைத் தொடாதீர்கள். முழு அமைதி வேண்டுமென்றால் வண்டியை முகாமில் விட்டுவிட்டுச் சார்லஸ் டீம் வனப்பகுதிக்கு நடந்து போங்கள். ஏறத்தாழ 13,000 ஏக்கர் கொண்ட அந்தக் காட்டுப் பாதைகளில் நடையாகவோ குதிரையிலோ மட்டுமே செல்லலாம்.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். அக்டோபர் வார இறுதிகள் பதிவு திறந்ததுமே நிரம்பிவிடுகின்றன. மே மாதத்தில் பிள்ளையின் பட்டமளிப்புக்குப் போகிறவர்கள் நவம்பரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். விழா முடிந்ததும் விமானம் ஏறிவிடாமல் மூன்று நாளாவது அந்தக் குன்றுகளில் தங்குங்கள். விறகை அங்கேயே வாங்குங்கள். கழிவுத் தொட்டியை அதற்குரிய நிலையத்தில் மட்டும் திறங்கள். நீங்கள் கரையில் தங்கியிருக்கும் அந்த ஏரியின் தண்ணீரைத்தான் உங்கள் பிள்ளை படித்த காலமெல்லாம் குடித்திருக்கிறது.