கரட்டு மேட்டில் வீடு: எந்த மரம் வைக்கலாம்?

பள்ளிபாளையம் வட்டாரத்தில் காவிரியை ஒட்டியும், மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலின் கீழும் உள்ள நல்ல நிலத்தில் விவசாயிகள் பெரும்பாலும் வீடு கட்டுவதில்லை. வெள்ளாமைக்கு உதவாத கரட்டு மேட்டில்தான் வீடு எழும்புகிறது. நல்ல வழக்கமே. ஆனால் நிழலுக்கும் காய்க்கும் என்று அங்கே வைக்கும் கன்றுகள் இரண்டாவது கோடையில் கருகிவிடுகின்றன. தண்ணீர் போதாமை பாதிக் காரணம். மீதி குழிக்குள் இருக்கிறது.

கன்று வாங்குமுன் 3 அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துப் பாருங்கள். அடியில் வெண்மையான மண் தென்பட்டால் அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் நிலம். எலுமிச்சை போன்றவை இந்நிலத்தில் இரும்புச் சத்தை எடுக்க இயலாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறி நலியும். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். எனினும் ஆண்டுதோறும் தெளிப்பதைவிட நிலத்துக்கேற்ற மரத்தை வைப்பதே மேல்.

அடுத்து, குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் நீங்கள் வெட்டியது குழியன்று, தொட்டி. ஐப்பசி மழையில் அது நிரம்பி வேர் அழுகும். பிழைத்த கன்றும் கோடையில் தொட்டி மண் காய்ந்ததும் சாகும். பாறையில் வெடிப்பு உள்ள இடமாகப் பார்த்துக் குழியை மாற்றுங்கள், அல்லது கடப்பாரையால் அடியைப் பிளந்து விடுங்கள். வேம்பு, புளி, வெள்வேல் ஆகியவை வெடிப்பு வழியே வேரை இறக்கித்தான் பிழைக்கின்றன. ஆள் உயரக் கன்று பார்வைக்கு அழகு. ஆனால் பையில் சுருண்ட வேர் கீழே இறங்காது. ஓரடி, ஒன்றரை அடிக் கன்றே போதும்.

நிழலுக்கு வேம்பும் புங்கனும். சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். பழத்துக்குச் சீத்தா, இலந்தை, கொடுக்காப்புளி, நெல்லி. நெல்லி ஒற்றையாக நின்றால் சரியாகக் காய்க்காது. பவானிசாகரில் உருவான பி.எஸ்.ஆர். 1 ரகத்துடன் வேறொரு ரகத்தையும் சேர்த்து வையுங்கள். கறிக்குப் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 செடிமுருங்கை. விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். காய்ப்பு ஓய்ந்ததும் 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். வாசலில் முருங்கை ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதைச் சிலர் மூடநம்பிக்கை என்பர். கம்பளிப்பூச்சி அடையும் மரம், காற்றுக்கு ஒடியும் கிளை, வாசலுக்கு ஆகாதுதான். புழக்கடையில் வையுங்கள்.

வேலிக்கு நம் பகுதியின் முள்கிளுவையை மிஞ்சியது இல்லை. இலையுதிர்ந்த காலத்தில் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றினால் மழைக்குத் துளிர்த்துவிடும். அதன்மேல் பிரண்டையைப் படர விடலாம்.

சீமைக் கருவேலத்தை எக்காரணத்தாலும் அண்டவிடாதீர்கள். விரைவில் பசுமை தருகிறதென்று நர்சரிகளில் தள்ளிவிடப்பட்ட கோனோகார்ப்பஸையும் தவிர்க்கவும். 2023-ஆம் ஆண்டு குஜராத் அரசு அதை நடத் தடை விதித்தது.

நடவுக்கு ஏற்ற பருவம் புரட்டாசி. மேல்மண், ஏரி வண்டல், இரண்டு கூடை மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து குழியை நிரப்புங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் அரைவட்ட வரப்பு அமைத்தால் கூரைநீரும் வாசல்நீரும் மரத்தடியில் தேங்கி இறங்கும். குழி வெட்டும்போது வந்த கற்களை வண்டி வைத்து அப்புறப்படுத்த வேண்டாம். தண்டைத் தொடாமல் சுற்றிலும் தட்டையாகப் பரப்பினால் மண் ஈரம் காக்கும். முதல் இரண்டு கோடைக்கு, அடியில் துளையிட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைக் கன்றருகே புதைத்து, வாரம் இருமுறை நிரப்பினால் போதும். குளியலறை நீர் விடுவோர் ஒரே மரத்துக்கு விடாமல் மாற்றி மாற்றி விடவும்.

பூவுக்கு அரளியும் நித்தியகல்யாணியும் வறட்சியைத் தாங்கும். இரண்டும் நஞ்சு, ஆடு மாடு கட்டும் பக்கம் வைக்கக் கூடாது, வெட்டிய தழையைத் தீவனக் குப்பையில் போடவும் கூடாது.