களையோடு போன வண்ணத்துப்பூச்சி

அமெரிக்காவில் மொனார்க் என்றொரு ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி உண்டு. குளிர்காலத்தைக் கழிக்கக் கனடாவிலிருந்து மெக்சிகோ மலைக்காடுகள் வரை பறந்து செல்லும். இதன் புழு, நம் ஊர் எருக்கின் இனத்தைச் சேர்ந்த பால்செடிகளை மட்டுமே தின்னும். 1996 முதல் அங்கே களைக்கொல்லியைத் தாங்கும் சோயா, மக்காச்சோள ரகங்கள் பரவின. மருந்து தெளித்த வயல்களில் பயிர் நின்றது, பால்செடி அழிந்தது.

வயலில் இடமிழந்த பூச்சிக்கு நகரங்கள் இடம் தருகின்றன. செயின்ட் லூயி நகரின் 250-ஆவது ஆண்டையொட்டி, 2014-இல் அதன் மேயர் 250 தோட்டங்களுக்குத் திட்டமிட்டார். 50 நகர நிர்வாகத்தின் பொறுப்பு. 200 பொதுமக்களின் பொறுப்பு. 2015 முதல் மற்ற நகர மேயர்களும் உறுதிமொழி ஏற்று வருகின்றனர். பூங்காக்களிலும் பள்ளிகளிலும் புழுவுக்குப் பால்செடியும், பூச்சிக்குத் தேன் தரும் பூச்செடிகளும் நடப்படுகின்றன.

அந்தப் பூக்களுக்குத் தேனீக்களும் வருகின்றன. நமக்கு முக்கியம் அதுதான். பூசணி, பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். ஆகவே வரப்பில் பூத்து நிற்கும் தும்பையை அடியோடு செதுக்க வேண்டாம். பூசணி பூக்கும் சமயம் மருந்தடிக்க நேர்ந்தால், காலையில் வேண்டாம். பூ மூடிய பின் மாலையில் அடிக்கவும்.