மனச்சுமையைக் கண்ணில் அளப்பது எப்படி?

பாம்பனில் 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தை, கப்பல் வரும்போதெல்லாம் ஆட்கள் கையால் நெம்பித்தான் திறந்தார்கள். அவர்கள் பட்ட பாடு வியர்வையில் தெரிந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை மோட்டார்கள் 17 மீட்டர் உயரம் வரை தூக்குகின்றன. இயக்குபவருக்கு உடல் உழைப்பு குறைவு. ஆனால் காற்றின் வேகம், வரப்போகும் ரயில், காத்திருக்கும் கப்பல் என்று எல்லாவற்றையும் மனம் சுமக்கிறது. அந்தச் சுமை வெளியே தெரியாது. வேலை பிழையில்லாமல் முடிந்துவிட்டால், அவர் எவ்வளவு திணறினார் என்று யாரும் கேட்பதும் இல்லை.

அந்த மனச்சுமையை அளக்க ஒரு வழி உண்டு. திரைக்குக் கீழே ஒரு சிறு கேமராவும் அகச்சிவப்பு விளக்கும் வைப்பார்கள். விழியில் அந்த ஒளி பட்டு மின்னும் புள்ளியையும், கண் நடுவே கறுப்பாகத் தெரியும் துளையான பாவையின் நடுவையும் ஒப்பிட்டு, பார்வை திரையில் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கருவி கணக்கிடும். கூடவே பாவை எவ்வளவு விரிகிறது என்பதையும் பதியும்.

விரிவுதான் முக்கியம். மனக்கணக்கு கடினமாகக் கடினமாகப் பாவை விரிவதை ஆய்வாளர்கள் எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் இருவரும் 1964-ல் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து டேனியல் கானமன், ஜாக்சன் பீட்டி இருவரும் ஆய்வில் பங்கேற்றவர்களிடம் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள். எண் கூடக்கூடப் பாவை விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது.

ஆனால் இந்த விரிவு பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. வெளிச்சமோ அதே பாவையை 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஆட்டிவைக்கும். கடல்நீரில் வெயில் பட்டுக் கூசும் பாம்பன் போன்ற இடத்தில், ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினாலே மனச்சுமையின் தடம் அழிந்துவிடும். அதனால் அறை வெளிச்சத்தையும் திரையின் பிரகாசத்தையும் மாறாமல் வைத்து, வேலைக்கு முன் அவரவர் பாவையின் அளவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஏற்படும் மாற்றத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். பயமும் களைப்பும்கூடப் பாவையை மாற்றும். ஒருவர் அளவை இன்னொருவரோடு ஒப்பிடுவது தவறு.

நம் நாட்டிலும் இந்த ஆய்வு நடந்திருக்கிறது. ராஜகோபாலன் சீனிவாசன், பாப்ஜி சீனிவாசன் ஆகியோரின் குழு 2016-ல் ரசாயன ஆலைக் கட்டுப்பாட்டு அறையைக் கணினியில் உருவகித்து, கோளாறு நேரும்போது இயக்குபவரின் பாவையைக் கொண்டு மனச்சுமையைக் கணிக்க முயன்றது. இயக்குபவரின் பிழையைத் தடுப்பதே நோக்கம்.

இந்த அளவீடு திரையையும் எச்சரிக்கை ஒலிகளையும் பணிநேரத்தையும் திருத்தவே பயன்பட வேண்டும். ஆளை எடைபோட அல்ல. வேலை முடிந்ததும், எந்த இடத்தில் சிரமமாக இருந்தது என்று இயக்குபவரிடமே கேட்க வேண்டும். அவர் பதிலையும் கருவியின் பதிவையும் நிமிடவாரியாகச் சேர்த்துப் பார்த்தால்தான், பாவை விரிந்தது குழப்பத்தாலா வெயிலாலா என்று பிரித்துச் சொல்ல முடியும்.