படகில் துணி துவைத்தல்

படகில் துணி துவைத்தல் என்பது, படகையே வீடாகக் கொண்டு வாழ்வோரும், பாய்மரப் படகுகளில் நெடுந்தொலைவு பயணம் செய்வோரும் தமது உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் தூய்மைப்படுத்தும் முறைகளைக் குறிக்கும். கரையில் உள்ள வீட்டில் நன்னீர், மின்சாரம், உலர்த்தும் இடம், கழிவுநீர் வெளியேறும் வழி ஆகியன எளிதில் கிடைக்கின்றன. படகில் இவை நான்கும் அளவுக்குட்பட்டவை. குறிப்பாக, நடுக்கடலில் துவைப்பதற்குச் செலவிடப்படும் நன்னீர், குடிப்பதற்கென வைத்துள்ள நீரிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். எனவே படகு வாழ்க்கையில் இது எளிய வீட்டு வேலையாக அல்லாமல், திட்டமிட்டுச் செய்ய வேண்டிய ஒன்றாக உள்ளது.

நீர்த் தேவை

10 முதல் 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகுகளின் நன்னீர்த் தொட்டிகள் பொதுவாக 200 முதல் 500 லிட்டர் வரை கொள்ளக்கூடியவை. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் தேவைப்படும்.

எடுத்துக்காட்டாக, கனரித் தீவுகளிலிருந்து அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து கரிபியத் தீவுகளை அடையும் வழி ஏறத்தாழ 2,700 கடல் மைல் நீளமுடையது. பாய்மரப் படகு இதனைக் கடக்கச் சுமார் 3 வாரங்கள் ஆகும். இருவர் நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் பயன்படுத்தினால் 168 லிட்டர் செலவாகும். காற்றின்மையாலோ பழுதினாலோ பயணம் ஒரு வாரம் நீண்டால் மேலும் 56 லிட்டர் தேவை. 300 லிட்டர் தொட்டியில் எஞ்சுவது 76 லிட்டர் மட்டுமே. முன்புறக் கதவு கொண்ட வீட்டுச் சலவை இயந்திரம் ஒரு முறை துவைப்பதற்கு 40 முதல் 60 லிட்டர் வரை எடுத்துக்கொள்கிறது. அதாவது, ஒரே ஒரு சலவையில் எஞ்சிய நீரின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதனாலேயே மாலுமிகள் தொன்றுதொட்டுக் கடல்நீரில் துவைப்பதையும், மழைநீரைப் பாய்களில் ஏந்திச் சேமிப்பதையும் வழக்கமாகக் கொண்டிருந்தனர்.

கடல்நீரும் வழலையும்

சாதாரண வழலை (சோப்பு) கடல்நீரில் நுரைப்பதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

1. வழலை என்பது கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பு ஆகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ளன. இவை வழலையுடன் வினைபுரிந்து, நீரில் கரையாத பிசுபிசுப்பான படிவைத் தருகின்றன. கடினநீர்க் கிணறுகள் உள்ள ஊர்களில் வழலை நுரைக்காமல் திரிவதும் இதே வினையால்தான். கடல்நீரில் அது பன்மடங்கு வலுவாக நிகழ்கிறது.
2. கடல்நீரில் மிகுதியாக உள்ள சோடியம் குளோரைடு, வழலை கரைவதைத் தடுக்கிறது. வழலை தயாரிக்கும்போது அதனைக் கரைசலிலிருந்து பிரித்தெடுக்க உப்புச் சேர்க்கப்படுவதும் இப்பண்பைப் பயன்படுத்தியே ஆகும்.

தேங்காய் எண்ணெயிலிருந்து செய்யப்படும் வழலை இதற்கு ஓரளவு விலக்காகும். இந்த எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் 12 கரிம அணுக்களை மட்டுமே கொண்ட குறுகிய சங்கிலியுடையது. அதன் சோடிய உப்பு, உப்புநீரிலும் ஓரளவு கரையும். எனவே கடல்நீருக்கான வழலைகள் தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டன. தற்காலத்தில் செயற்கைச் சலவைப் பொருட்கள், குறிப்பாக மின்னேற்றமற்ற வகையைச் சேர்ந்த திரவங்கள், இத்தேவையை நிறைவு செய்கின்றன. பாத்திரம் கழுவும் திரவம் பலவற்றையும் கடல்நீரில் பயன்படுத்தலாம்.

உப்பை நீக்குதல்

கடல்நீரில் துவைத்த துணியை நன்னீரில் அலசாமல் உலர்த்தினால் உப்பு இழைகளிலேயே தங்கிவிடும். சோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. மக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே இவ்வாறு செய்கிறது. கடற்காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் மிகுதியாகவே இருப்பதால், உப்பேறிய துணி முழுமையாக உலர்வதே இல்லை. ஈரமான, உப்புப் படிந்த உடை தொடர்ந்து உரசுவதால் தோலில் புண்களும் கொப்புளங்களும் தோன்றும். மருத்துவ உதவி கிடைக்காத இடத்தில் இவை தொற்றாக மாறுவது ஆபத்தானது.

குறைந்த நன்னீரில் உப்பை நீக்க, நீரைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பலமுறை அலசுவதே சிறந்தது. பிழிந்த பின்னும் துணியில் 1 லிட்டர் கடல்நீர், அதாவது ஏறத்தாழ 35 கிராம் உப்பு, தங்குவதாகவும், அலசுவதற்கு 8 லிட்டர் நன்னீர் இருப்பதாகவும் கொள்வோம்.

* 8 லிட்டரையும் ஒரே முறையில் பயன்படுத்தினால் உப்பு 9இல் ஒரு பங்காகும். (ஏறத்தாழ 4 கிராம்)
* 4 லிட்டர் வீதம் இரு முறை அலசினால் 25இல் ஒரு பங்காகும். (1.4 கிராம்)
* 2 லிட்டர் வீதம் நான்கு முறை அலசினால் 81இல் ஒரு பங்காகும். (0.4 கிராம்)

ஒவ்வொரு முறையும் நன்கு பிழிவது இக்கணக்கின் அடிப்படையாகும். முதலிலிருந்தே துணியில் அரை லிட்டர் மட்டுமே தங்குமாறு இறுகப் பிழிந்தால், 4 லிட்டர் வீதம் இரு முறை அலசுவதே 81இல் ஒரு பங்கு என்ற அளவைத் தந்துவிடும். எனவே சில படகுகளில் கையால் சுழற்றும் உருளைப் பிழிபொறி வைக்கப்பட்டுள்ளது.

முறைகள்

* வாளி முறை: துணி, நீர், சலவைத் திரவம் ஆகியவற்றை மூடியுள்ள வாளியில் இட்டுத் தளத்தில் உறுதியாகக் கட்டிவிடுவர். படகின் ஆட்டமே துணியை அலைக்கிறது. சில மணி நேரத்தின் பின் அலசப்படும்.
* இழுத்துச் செல்லுதல்: துணிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றில் கட்டிப் படகின் பின்னே இழுத்துச் செல்லும் பழைய முறை. துணி விரைவில் நைந்துவிடும். கயிறு உந்துவிசிறியில் சிக்கவும் கூடும்.
* இயந்திர முறை: பெரிய படகுகளில் சிறிய சலவை இயந்திரமும், எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் கடல்நீரை நன்னீராக்கும் கருவியும் பொருத்தப்படுகின்றன. இக்கருவி கடல்நீரை ஏறத்தாழ 55 பார் அழுத்தத்தில் சவ்வின் ஊடாகச் செலுத்துகிறது. ஆற்றல் மீட்பு அமைப்புக் கொண்ட சிறு கருவிகள் லிட்டருக்குச் சுமார் 4 வாட் மணி மின்னாற்றலை எடுத்துக்கொள்கின்றன. 50 லிட்டருக்கு 200 வாட் மணி தேவை. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய அமில மின்கலத்திலிருந்து அதன் ஆயுள் குறையாமல் பெறக்கூடியது ஏறத்தாழ 600 வாட் மணி ஆகும். எனவே நல்ல வெயிலில், சூரிய மின்தகடுகள் மின்கலத்தை நிரப்பும் வேளையிலேயே இவ்வேலை செய்யப்படுகிறது. எண்ணெய் கலந்த துறைமுக நீர் சவ்வைப் பழுதாக்கும் என்பதால் அங்கு இக்கருவியை இயக்குவதில்லை.

பாதுகாப்பு

ஓடும் படகிலிருந்து வாளியால் கடல்நீர் மொள்ளுவது ஆபத்தானது. நீரின் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 6 கடல் மைல் வேகத்தில் செல்லும்போது, 10 லிட்டர் வாளி 30 கிலோகிராம் எடைக்கும் மேற்பட்ட விசையுடன் இழுக்கும். எதிர்பாராத இந்த இழுப்பால் நிலை தடுமாறிக் கடலில் விழ நேரிடலாம். வாளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்புக் கச்சையைப் படகுடன் பிணைத்த பின்னரே நீர் மொள்ள வேண்டும். காற்றில் பறந்த துணியைப் பிடிக்கத் தளத்திற்கு வெளியே சாய்வதும் இத்தகைய ஆபத்துடையதே. உலர்த்தும்போது துணியைப் படகின் ஓரக் கம்பியில் சுற்றி, கவ்விகளால் இறுக்குவது நல்லது. இரும்புச் சுருள் கொண்ட கவ்விகள் துருக்கறையை ஏற்படுத்தும்.

கால்வாய்ப் படகுகள்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏறத்தாழ 2.1 மீட்டர் அகலமுள்ள குறும்படகுகளில் பலர் நிலையாக வாழ்கின்றனர். 19ஆம் நூற்றாண்டில் சரக்குப் படகோட்டிகளின் குடும்பங்கள் சிறிய அறையொன்றில் நெருக்கமாக வாழ்ந்தன. அவர்களின் வாழ்நிலையைச் சீராக்க 1877இல் கால்வாய்ப் படகுகள் சட்டம் இயற்றப்பட்டது. அக்குடும்பங்களின் பெண்கள் கரையோரப் பாதையில் மரத்தொட்டி வைத்துத் துவைத்தனர். இன்று நிலையான துறை இல்லாத படகுகள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. எனவே அவற்றில் வாழ்வோர், அடுத்த நீர்க்குழாயும் சலவை நிலையமும் எங்குள்ளன என்பதைக் கொண்டே பயணத்தைத் திட்டமிடுகின்றனர்.

சுற்றுச்சூழல்

சலவைக் கழிவுநீரிலுள்ள பாசுபேற்று, பாசிகளைப் பெருகச் செய்து நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைப் பொருட்களில் பொசுபரசின் அளவைக் கட்டுப்படுத்தியுள்ளது. செயற்கை இழைத் துணிகள் நுண்ணிழைகளையும் வெளியிடுகின்றன. 6 கிலோகிராம் அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் என 2016இல் வெளியான பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது. வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இவற்றின் பெரும்பகுதி தடுக்கப்படலாம். படகிலிருந்து வெளியேறும் நீருக்கு அத்தகைய தடுப்பு ஏதும் இல்லை. எனவே தேங்கிய நீர்நிலைகளிலும் அடைபட்ட குடாக்களிலும் துவைப்பதைத் தவிர்த்து, கரையிலுள்ள சலவை வசதிகளைப் பயன்படுத்துவது சிறந்ததாகும்.