டிவி படத்தில் கோடுகள் ஓடுகின்றனவா? எர்த் பின்னைத் துண்டிக்காதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் அடுத்துச் செய்வது, அதை ஹாலில் உள்ள பெரிய டிவியுடனும் ஹோம் தியேட்டருடனும் இணைப்பதுதான். படம் வரும். கூடவே திரையின் குறுக்கே அகலமான மங்கல் பட்டைகள் மேலும் கீழுமாக நகரும். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கேட்கும். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைத்து விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு. அது வீண் வேலை. இது பெரும்பாலும் சாஃப்ட்வேர் பிரச்னை அல்ல, எர்த் பிரச்னை.

செஞ்சி அருகே வல்லத்தில் என் சித்தப்பா வீட்டிலும் இதே கதைதான். யாரோ சொன்னார்கள் என்று சி.பி.யூ.வின் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தார். கோடுகள் மறைந்துவிட்டன. ஆனால் மறுநாள் தரையைத் துடைத்த ஈரக் காலோடு சித்தி கேபினட்டைத் தொட்டதும் சுருக்கென்று ஷாக் அடித்தது.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் உங்கள் வீட்டு எர்த்துடன் இணைந்திருக்கிறது. கேபிள் டிவி வயரின் வெளிப்பின்னலோ தெருவில் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கலாம். இரண்டு எர்த்துக்கும் இடையே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், இரண்டையும் இணைக்கும் வி.ஜி.ஏ. அல்லது ஆடியோ கேபிள் வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கசியும். அதுதான் பட்டையாகத் தெரிகிறது, இரைச்சலாகக் கேட்கிறது. இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர்.

எர்த்தைத் துண்டித்தால் இந்த வளையம் அறுந்து கோடு மறையும். ஆனால் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினட்டுடன் இணைந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் வரை தெரியும். கரண்ட் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகும். உள்ளே ஒரு வயர் பழுதாகிக் கேபினட்டைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் வரும். அப்போது உயிருக்கே ஆபத்து. எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும்போது டிவியின் போர்ட் எரிந்துபோகவும் இதுவே காரணமாகலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் உள்ள கேபிள் வயரைக் கழற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரையும் டிவியையும் மட்டும் ஆன் செய்யுங்கள். கோடுகள் போய்விட்டால் குற்றவாளி அந்த வயர்தான். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது கோடு நின்றால் வளையம் சார்ஜர் வழியாக வருகிறது.

முதலில் டிவி, கம்ப்யூட்டர், ஹோம் தியேட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம். போகாவிட்டால் கேபிள் வயரில் மாட்டும் கேல்வானிக் ஐசோலேட்டர் வாங்குங்கள். டி.டி.எச். வயரில் இதை மாட்டாதீர்கள்; டிஷ்ஷில் உள்ள எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அந்த வயர் வழியாகத்தான் போகிறது. ஸ்பீக்கர் இரைச்சலுக்கு ஆப்டிகல் ஆடியோ கேபிள் சிறந்தது. அதில் ஒளிதான் போகிறது, மின்சாரம் இல்லை.

எச்.டி.எம்.ஐ.யில் படம் டிஜிட்டலாக வருவதால் பட்டை ஓடாது. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது சிக்னல் பிரச்னை. அதற்கும் எர்த்துக்கும் சம்பந்தமில்லை.

செஞ்சிப் பக்கம் இன்னொரு சிக்கல் பாறை பூமி. கோடையில் எர்த் குழி காய்ந்தால் எர்த் வலுவிழக்கும். எர்த்திங் பற்றிய இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3043. பைப்பைக் குறைந்தது 2.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்கிறது. இடையில் பாறை வந்தால் சாய்த்துப் பதிக்கலாம். சித்தப்பா வீட்டில் எலக்ட்ரீஷியனை வைத்துக் குழியைத் தோண்டிப் பார்த்தபோது பைப் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. அதைச் சாய்த்து இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். கன்வெர்ட்டரைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேபிள் வயரில் ஐசோலேட்டரை மாட்டியதும் கோடுகள் நின்றன. வாரம் ஒருமுறை குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது சித்தியின் பொறுப்பு.