மேசைத் தோழன்: சீனப் பள்ளிக் காதல், அன்றும் இன்றும்

சீன மொழியில் ‘தோங்ஜுவோ’ என்று ஒரு சொல் உண்டு. ஒரே மேசையில் உட்காருபவர் என்று பொருள். வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்கள். யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியர் முடிவு செய்வார். பையன் பக்கத்தில் பெண் அமர்வது அங்கே சாதாரணம். அழிப்பான் கடன் வாங்குவதும், தூங்கினால் முழங்கையால் இடித்து எழுப்புவதும், கோபம் வந்தால் மேசை நடுவே கோடு கிழித்து ‘இதைத் தாண்டாதே’ என்பதும் இந்த உறவின் அன்றாடம். அந்தக் கோட்டுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘முப்பத்தெட்டாம் கோடு’. கொரியாவை இரண்டாகப் பிரித்த எல்லைக்கோட்டிலிருந்து எடுத்த பெயர் அது. 1994-இல் காவ் சியாவ்சோங் எழுதி லாவ் லாங் பாடிய ஒரு பாட்டு, இந்த மேசைத் தோழியை நினைத்துக் கல்லூரி மாணவர்களை ஏங்க வைத்தது. அப்போது பாடியவர்களின் பிள்ளைகளும் இன்று அதே மாதிரி மேசைகளிலிருந்து எழுந்துவிட்டார்கள்.

அந்த மேசையின் காதலைச் சீனத் திரை எப்படிச் சொல்லிவந்தது என்று வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் மனம் இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. அதைச் சொல்லும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

1990-இல் ஷாங்காயிலிருந்து ‘பதினாறு வயதின் பூக்காலம்’ என்ற தொடர் வந்தது. பன்னிரண்டே பகுதிகள். இயக்கியவர்கள் ஃபு மின், ஜாங் ஹோங். பள்ளி மாணவர்களின் நட்பு, மதிப்பெண், வீட்டுச் சண்டை, ஒரு பையனும் பெண்ணும் பேசிக்கொண்டால் எழும் சந்தேகம் என்று, அதுவரை தொலைக்காட்சி பெரிதாகக் கண்டுகொள்ளாத வயதை அது கண்டுகொண்டது. அன்புடன் எடுத்த தொடர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் அந்த அன்பு பெரியவர்களின் அன்பு. பிள்ளைகள் எங்கே வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று கதவோரம் நின்று கவலையோடு எட்டிப் பார்க்கும் பார்வை அது.

அந்தக் கவலைக்குச் சீனத்தில் ஒரு பெயரே இருக்கிறது: ‘ஸாவ்லியன்’. முன்கூட்டியே வந்த காதல். பிஞ்சிலே பழுத்தது என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ஆசிரியர் இந்தச் சொல்லை உச்சரித்தால் அடுத்து பெற்றோருக்கு அழைப்பு போகும். கல்லூரி நுழைவுத் தேர்வான ‘காவ்காவ்’ ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய நாட்டில், வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சட்டம் இருந்த காலத்தில், அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரிக்குப் போன பிறகும் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. படிக்கும்போது திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்ற தடை 2005-இல்தான் கல்வி விதிகளிலிருந்து நீங்கியது.

இடையில் கடல் தாண்டி ஒரு புயல் வந்தது. தைவானில் 2001-இல் ஒளிபரப்பான ‘மெட்டியோர் கார்டன்’. ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றைத் தழுவியது. நான்கு பணக்காரப் பையன்கள், அவர்களை எதிர்த்து நிற்கும் ஓர் ஏழைப் பெண். அடுத்த ஆண்டு சீனத் தொலைக்காட்சிகளில் அதிகாரிகள் அதை நிறுத்தினார்கள். விசிடி தகடுகளை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஒரு தலைமுறையே அந்த நால்வரைப் போலத் தலைமுடி வைத்துக்கொண்டு திரிந்தது.

அதே கதையை 2018-இல் ஹூனான் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்தபோது செய்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பழைய தொடரில் அந்த நால்வர் ஒருவரது பெட்டியில் சிவப்பு அட்டை ஒட்டிவிட்டால், கல்லூரியே சேர்ந்து அவரை வதைக்கும். புதியதில் அது ஜோக்கர் சீட்டு. பிரிட்ஜ் ஆட்டத்துக்கு விடும் சவால். அடி வாங்கும் காட்சியைக் காதலின் முன்னுரையாக வைக்க 2018-இல் யாருக்கும் துணிவில்லை. மூர்க்கம் குறைந்ததில் நாடகச் சூடும் குறைந்தது என்று பழைய ரசிகர்கள் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஒரு பெண்ணை மிரட்டியவன் பிறகு அழுதுவிட்டால் அது காதலாகிவிடும் என்று பதினைந்து வயதில் கற்றுக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை.

அந்தப் புதிய தொடரின் நாயகி ஷென் யுவே. அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது, அதற்கு எட்டு மாதம் முன்பு, 2017 நவம்பரில் டென்சென்ட் இணையத் தளத்தில் வந்த ஒரு சின்னத் தொடர். சீனத் தலைப்பைத் தமிழாக்கினால் ‘நம் கள்ளமற்ற சின்னச் சின்ன அழகுகளுக்கு’ என்று வரும். வெளிநாடுகளில் ‘எ லவ் ஸோ பியூட்டிஃபுல்’. நான் சொல்ல வந்த மாற்றம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

அது எந்தக் காலத்துக்குப் பதிலாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் நடிகை ஜாவ் வெய் தன் முதல் படமாக இயக்கிய ‘ஸோ யங்’ பெரும் வெற்றி பெற்றது. அதன் பின்னால் இளமைக் காலப் படங்கள் வரிசை கட்டின. கருக்கலைப்பு, விபத்து, வெளிநாட்டுக்குப் போய்விடும் காதலன், பத்தாண்டு கழித்து ஒரு திருமண மண்டபத்தில் கண்ணீர். இளமை என்றாலே இழப்பு என்று ஆகிவிட்டது. எங்கள் பள்ளி நாட்களில் இப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லையே என்று பார்வையாளர்கள் அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்புக்குக் கிடைத்த முதல் நல்ல பதில் 2016-இல் ஐச்சியீ தளத்தில் வந்த ‘வித் யூ’. அதன் நாயகனும் நாயகியும் மேசைத் தோழர்கள். நடுராத்திரி வரை கணக்குப் போடுவதும், காலாண்டுத் தேர்வில் கோட்டை விடுவதும், தொளதொளத்த பள்ளிச் சீருடையும்தான் அதில் நிகழ்ச்சிகள். அடுத்த ஆண்டு ஷென் யுவேயின் தொடர் வந்தது.

கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். சென் ஷியாவோஷி படிப்பில் சுமார், படம் வரைவதில் கெட்டி. ஜியாங் சென் அதே குடியிருப்பில் வசிக்கும் முதல் மாணவன், பேச்சு குறைவு. அவள் அவனை விரும்புகிறாள், அது ஊருக்கே தெரியும். நீச்சல் வீரன் வூ போசோங் வகுப்பில் புதிதாகச் சேர்ந்து அவளை விரும்பத் தொடங்குகிறான். பள்ளி, கல்லூரி, பிரிவு, மூன்று ஆண்டு கழித்து மீண்டும் சந்திப்பு. அவ்வளவுதான். வில்லன் இல்லை. சொத்துத் தகராறு இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரு பெண் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்பதுதான் பதில். படிக்கட்டில் அவன் முன்னே போவதை, அவன் சைக்கிள் பூட்டுவதை, மற்றவரிடம் பேசாதவன் தன்னைத் திட்டுவதற்காகவாவது வாய் திறப்பதை. அந்தப் பார்வையில் வெட்கமோ குற்ற உணர்வோ இல்லை. 1990-இல் பெரியவர்கள் நின்ற கதவோரத்தில் இப்போது அந்தப் பெண்ணே நிற்கிறாள், பையனைப் பார்த்தபடி. இந்தக் கதையை எழுதியவரும் ஒரு பெண்தான்: ஜாவ் சியன்சியன். இவரது நாவல்களிலிருந்தே 2019-இலும் 2021-இலும் இதன் உடன்பிறப்புத் தொடர்கள் இரண்டு வந்தன. 2003-இல் தொடங்கிய ஜின்ஜியாங் போன்ற இணைய இலக்கியத் தளங்கள், இளம்பெண்கள் தங்களுக்காகவே எழுதி, தங்களைப் போன்றவர்களே படித்து, பிடித்திருந்தால் காசு கொடுக்கும் ஒரு சந்தையை உருவாக்கிவைத்திருந்தன. தொலைக்காட்சி நிலையங்கள் பார்க்கத் தவறிய வாசகிகளை இணையத் தளங்கள் அங்கே கண்டுகொண்டன. நாயகன் ஹு யீதியானும் அதுவரை பெரிதாக அறியப்படாதவர். பழகிய முகம் இல்லாததால் அந்தப் பையனைப் பக்கத்து வீட்டுப் பையனாகவே நம்ப முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் விந்தையாக இருக்கும். 2016-இன் தொடக்கத்தில் வெளியே தெரியவந்த தொடர் தயாரிப்பு விதிமுறைகள், பதின்வயதினர் காதலிப்பதைக் காட்டக் கூடாது என்றன. பழைய ‘ஸாவ்லியன்’ பயம் எழுத்தில் ஏறி வந்தது. எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? காதலிப்பதைத்தானே காட்டக் கூடாது, ஒருதலையாய் விரும்புவதைக் காட்டலாமே என்று அந்த இடுக்குக்குள் குடியேறினார்கள். பதில் சொல்வதும் கைகோப்பதும் நுழைவுத் தேர்வுக்குப் பிறகு என்று தள்ளிவைத்தார்கள். அதனால் பள்ளிப் பகுதி முழுவதும் காத்திருப்பால் நிறைந்தது. மழையில் ஒரு குடை, இரவுப் படிப்பு முடிந்து திரும்பும் வழி, மதிப்பெண் பலகை முன் கூட்டத்தில் தோளோடு தோள் உரசுவது என்று சின்னச் சின்ன விஷயங்கள் கதையின் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது, சுமந்தும் காட்டின. இந்த விதியை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளைகளின் வாழ்வில் உள்ளதை இல்லை என்று காட்டச் சொல்வது நேர்மையல்ல. ஆனாலும் அந்த நெருக்கடிக்குள் இவ்வளவு நுட்பமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்களின் திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தத் தொடரை நேசிக்கும் நான் அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஜியாங் சென் அளவுக்கு மீறி இறுக்கமானவன். அவன் முட்டாள் என்று சொல்வதையும் முகம் திருப்பிக்கொள்வதையும் அவள் அன்பின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறாள். அவன் மனதுக்குள் காதல் இருப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே? தைவானில் 2005-இல் வந்த ‘இட் ஸ்டார்டட் வித் எ கிஸ்’ தொடரிலிருந்து தொடர்ந்து வரும் வாய்ப்பாடு இது: மேதைப் பையன், மந்தமான பெண், அவள் துரத்த, அவன் விலக. பார்க்கும் உரிமை அவளுக்குக் கிடைத்துவிட்டது. மதிப்பாக நடத்தப்படும் உரிமை அவளுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

அது 2023-இல் வந்தது என்பேன். யோகூ தளத்தின் ‘ஹிடன் லவ்’. ஜாவ் லூஸியும் சென் ஜேயுவானும் நடித்தது. ஜின்ஜியாங்கில் ஜூ யீ எழுதிய நாவல். பதின்வயதில் அண்ணனின் நண்பன்மீது வரும் ரகசிய விருப்பம், அவள் கல்லூரிக்கு வந்த பிறகு காதலாகிறது. இங்கே நாயகன் சிரிக்கிறான். காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருக்கிறான். உன்னை விரும்புகிறேன், உன் மனதைப் பெற முயலட்டுமா என்று வாய்விட்டுக் கேட்கிறான். வயது வித்தியாசம் பற்றியும், சிறுமியாக இருந்ததிலிருந்தே தெரிந்தவளைக் காதலிப்பது பற்றியும் சீனத்திலேயே ஆட்சேபம் எழுந்தது. அது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் திரும்பிப் பார்க்காத பையனுக்காக ஒரு பெண் வருடக்கணக்கில் அவமானப்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் இப்போது பார்வையாளரிடம் ஊன்றிவிட்டது.

பார்க்கும் பழக்கமும் மாறிவிட்டது. இந்த வகைத் தொடர்களின் இனிமையை ரசிப்பதற்குச் சீன இளைஞர்கள் ‘சர்க்கரை கொறிப்பது’ என்கிறார்கள். தனியாகச் சாப்பிடும்போது எதிரே ஓடவிடும் தொடருக்குப் பெயர் ‘மின்னணு ஊறுகாய்’. பெருநகர வாடகை அறையில், வேலை முடிந்து திரும்பிய இரவில், தட்டோடு ஒரு கைப்பேசி. அந்தச் சொல்லில் நகைச்சுவை இருக்கிறது, தனிமையும் இருக்கிறது.

இப்போது ஊறுகாயும் பொடிப்பொடியாகிவிட்டது. நிமிடக் கணக்கில் ஓடும் செங்குத்துத் திரைக் குறுந்தொடர்கள் வந்துவிட்டன. முதல் நிமிடத்தில் அறை விழும், இரண்டாவதில் கோடீஸ்வரன் வெளிப்படுவான். 2024-இல் இவற்றின் சந்தை 5,000 கோடி யுவானைத் தாண்டியதாகக் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு நாட்டின் திரையரங்க வசூல் 4,250 கோடி. சிவப்பு அட்டைக் காலத்து மூர்க்கப் பணக்காரன் இந்த வாசல் வழியே திரும்பி வருவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் அதிர்ச்சியைக் காட்ட முடியும். ஒரு பெண் ஒரு பையனை மூன்று ஆண்டு பார்த்துக்கொண்டிருப்பதை எப்படிக் காட்டுவது?

உண்மையான பள்ளிகளில் மேசைகள் அப்படியே இருக்கின்றன. 2021-இல் கல்வி அமைச்சகம் வகுப்பறைக்குள் கைப்பேசியைத் தடுத்ததால், மடித்த காகிதச் சீட்டுகள் அனுப்பும் வழக்கத்துக்கும் இன்னும் வேலை இருக்கிறது. 2024-இல் காவ்காவ் எழுதப் பெயர் கொடுத்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அதே ஆண்டு பதிவான திருமணங்கள் 61 லட்சம். 2013-இல் பதிவானதில் பாதிக்கும் குறைவு. திரையில் காதல் இனிக்க இனிக்க, வெளியே பதிவேட்டில் வரிசை சுருங்கியிருக்கிறது. வேலை, வீட்டு விலை, பெண்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே எண்ணிப் பார்ப்பது என அதற்குக் காரணங்கள் பல. தொடர்கள்மேல் பழி போடுவது அபத்தம்.

‘எ லவ் ஸோ பியூட்டிஃபுல்’ இதுவரை பார்க்காதவர்களிடம் ஒன்று சொல்வேன். 2020-இல் கொரியாவில் மறு ஆக்கம் செய்தார்கள்; அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சீன மூலத்தை, அந்தக் குரல்களோடு, வசன வரிகளைப் படித்தபடி பாருங்கள். முழுவதும் பார்க்கப் பொறுமையில்லை என்றால் பள்ளிப் பகுதியை மட்டுமாவது பாருங்கள், வேகத்தைக் கூட்டாமல்.