சுவர் எழும்பும் முன்னே

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உறையுளை அமைப்பதே பெருமுயற்சியும் பெரும்பொருளும் வேண்டுவது. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்னும் பழமொழி அவ்வருமையை நன்கு உணர்த்தும். ஆயின், வீடு கட்டுவோர் எழுதும் கணக்கில் ஒரு செலவு மட்டும் இடம்பெறுவதில்லை. கட்டுமானத்தின்பொருட்டுக் காற்றில் கலக்கும் கரியமில வாயுவே அச்செலவு.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்குச் சற்றுக் கிழக்கே உள்ளது செவ்வாப்பேட்டை. நகரம் விரிய விரிய இத்தகைய ஊர்களில் புதிய வீடுகள் பெருகி வருகின்றன. அங்கு எழும்பும் வீடு ஒன்றிற்குச் செங்கல், சிமெண்டு, இரும்புக் கம்பி ஆகியவை தேவை. இம்மூன்றும் நெருப்பிலே பிறந்தவை. ஆகவே, வீட்டில் முதல் விளக்கு ஏற்றப்படும் முன்னரே, அவ்வீட்டிற்காகப் பெரும்புகை எழுந்து முடிந்துவிடுகின்றது.

இம்மூன்றனுள் சிமெண்டின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டி கிடைக்கும். அதனைச் சிறிது ஜிப்சத்துடன் அரைத்தால் சிமெண்டு ஆகும். எரிபொருளிலிருந்து புகை எழுவதை யாவரும் அறிவர். கல்லிலிருந்தும் வாயு எழுவதைப் பலர் அறியார். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பே எஞ்சும். மற்ற 44 கிலோவும் கரியமில வாயுவாகப் பிரிந்துவிடும். எந்த எரிபொருளால் சுட்டாலும் இவ்வாயு எழுந்தே தீரும். மக்கள் செயலால் உலகில் வெளிப்படும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்தே வருகின்றது.

பழைய மின்விளக்கைக் கழற்றிப் புதியது மாட்டலாம். ஆனால், சுவருக்காக எழுந்த வாயுவை மீட்டல் எளிதன்று. எனவே, சிக்கனத்திற்கு உரிய காலம் வீடு கட்டும் காலமே.

அச்சிக்கனத்திற்கு முதல் வழி, கிளிங்கரின் அளவைக் குறைத்தலாகும். திருவள்ளூர் மாவட்டத்திலேயே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியால் இயங்கும் அனல் மின் நிலையங்கள் உள்ளன. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்து, நீரையும் மீனவர் பிழைப்பையும் கெடுத்ததுண்டு. இங்ஙனம் தீங்கு செய்யும் சாம்பலே சிமெண்டில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேர்ந்து, கிளிங்கருக்கு ஈடாக நிற்கின்றது. ஃபிளை ஆஷ் கல் என வழங்கும் சாம்பற்கல்லும் இதனால் ஆவதே. அதனைச் சூளையில் சுட வேண்டுவதில்லை. அச்சில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்தினால் போதும். வயலின் மேல்மண்ணும் இதனால் காக்கப்படுகின்றது. அனல் மின் நிலையத்திற்கு 50 கிலோமீட்டர் சுற்றளவில் மண்செங்கல் செய்வோர், நூற்றுக்கு 25 பங்கேனும் சாம்பல் கலத்தல் வேண்டும் என மத்திய அரசு 1999-ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

எனினும், நிலக்கரியின் பயன் குறையுங்கால் சாம்பலும் குறையும். அந்நாளை முன்னிட்டு, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து, கிளிங்கரைப் பாதியளவாகக் குறைக்கும் புதுவகைச் சிமெண்டைச் சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்கள் ஆராய்ந்தன. இக்களிமண்ணுக்கு ஏறத்தாழ 800 பாகை வெப்பமே போதும். இவ்வகைச் சிமெண்டிற்கு இந்தியத் தர நிர்ணயம் 2023-இல் வெளியாயிற்று.

இரண்டாம் வழி, பழையதைப் புதுக்குதல். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை மின்உலையில் உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் உள்ளன. தாதுவிலிருந்து புதிதாக எஃகு செய்வதைவிட இம்முறையில் எழும் வாயு குறைவு.

மூன்றாம் வழி, வேண்டிய அளவே பயன்படுத்துதல். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். இதனால் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெயிலின் வெம்மையையும் தடுக்கும். இத்தகைய சிக்கனம் பணியிடத்திலும் வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டு ஈரத்தில் கெட்டால், அதற்காக எழுந்த வாயுவனைத்தும் வீணே எழுந்ததாகும். கான்கிரீட்டிற்கு உரிய நாள்வரை நீர் ஊற்றாது விட்டால் அது வலுவிழக்கும். காலத்திற்கு முன்னரே இடித்துக் கட்ட நேரும். எனவே, சாக்குப்போட்டு நீர் தெளிக்கும் சித்தாளின் உழைப்பும் காற்றைக் காக்கும் உழைப்பேயாகும்.

கரியமில வாயு மிகுதலால் புவி வெப்பமுற்றுக் கடல்மட்டம் உயர்ந்து வருகின்றது. பழவேற்காடு அடங்கிய கடலோர மாவட்டத்திற்கு இஃது அயலார் செய்தியன்று. இன்று பள்ளியில் பயில்வோர் நாளை பொறியாளராகவும் கொத்தனாராகவும் வீடு கட்டும் குடும்பத்தினராகவும் விளங்குவர். செங்கல்லின் விலையோடு அது பிறந்த நெருப்பின் விலையையும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பார்களாயின், அவர்கள் எழுப்பும் வீடு அதில் வாழ்வோர்க்கு நிழலாவதோடு, வருந்தலைமுறைக்கும் தீங்கிழையாத உறையுளாகும்.